தலைச் சாயமும் சாதிச் சாயமும்

ஆற்றுக்கே சாயம் பூசிப் பார்த்தவர்கள் நாம். திருப்பூரில் இந்த வாரம் எந்த நிறத்துப் பனியன் ஏற்றுமதியாகிறது என்பதை நொய்யலை எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, 'தயவு செஞ்சு தண்ணியைத் தொறந்து உட்றாதீங்க' என்று விவசாயிகளே கையெடுத்துக் கும்பிட்டார்கள். அணை திறக்கக் கூடாது என்று உழவன் கெஞ்சிய அதிசயம் வேறெந்தச் சீமையிலாவது நடந்திருக்குமா, தெரியவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தலையிட்டுச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போதெல்லாம் பதறாத கொங்குச் சீமையின் பெரிய மனிதர்கள் இன்றைக்கு ஒரு சாயத்தைப் பார்த்துப் பதறுகிறார்கள். கோவை உக்கடத்துப் பையன் ஒருவன் உச்சந்தலையில் அடித்துக்கொண்ட செம்பட்டைச் சாயம்.

அவனைப் புள்ளிங்கோ என்கிறார்கள். சென்னைக் கானாவோடு வந்து சேர்ந்த பெயர். கானா ஸ்டீபனின் 'கும்பலாக சுத்துவோம்' யூடியூபில் பிய்த்துக்கொண்டு ஓடியபோது, டிவிக்காரர்கள் அந்த முடியையும் அந்த நடையையும் எடுத்துக் காமெடி நிகழ்ச்சிக்கு வேஷம் கட்டினார்கள். கொஞ்ச நாள் கழித்து இரவு விவாதத்தில் கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து 'இளைய தலைமுறை எங்கே போகிறது?' என்று கேட்டார்கள். எங்கேயும் போகவில்லை, ஐயா. டியோ வண்டியில் மூன்று பேராக ஏறிக் காந்திபுரத்திலிருந்து வாலாங்குளத்துக்குப் போனது. அங்கே ஸ்மார்ட் சிட்டிக்காரர்கள் போட்டு வைத்திருக்கும் கலர் விளக்கடியில் நாலு ரீல்ஸ் எடுத்தது. வழியில் போலீஸ் பிடித்து, வண்டியை ஓரங்கட்டி, தலையில் தட்டி, 'இதென்னடா முடி?' என்று கேட்டது. முடி எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வருகிறது என்று பையன் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு தட்டு. டிவிக்காரர்களுக்குப் பாட்டை ஓட்டி ஒரு தரம் சம்பாத்தியம், பாட்டைக் கேட்டவனைத் திட்டி மறு தரம் சம்பாத்தியம். ஒரே ஆட்டை இரண்டு தரம் உரிக்கத் தெரிந்த தொழில் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான்.

பள்ளிக்கூடங்களும் களத்தில் இறங்கின. பல ஊர்களில் தலைமையாசிரியர்கள் சலூன்காரர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள்: மாணவர்களுக்குக் கோடு போடாதீர், ஸ்பைக் வைக்காதீர், பக்கவாட்டில் சிரைக்காதீர். கொங்கு நாட்டில் நாவிதர் லேசுப்பட்டவர் அல்ல. வேளாளர் கல்யாணத்தில், கம்பர் பாடியது என்று நம்பப்படும் மங்கல வாழ்த்தைப் பாடும் உரிமை அவருக்குத்தான். அவர் பாடாமல் அந்தக் கல்யாணம் நிறையாது. பாடி முடித்ததும் அவர் எந்தப் பந்தியில் உட்கார வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம், அதைப் பற்றிச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. ஆக, அப்படியொரு சலூனுக்குத் தலைமையாசிரியர் நேரிலேயே போயிருந்தால் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

"ஏப்பா, நம்ம பள்ளிக்கூடத்துப் பசங்க வந்தா ஒட்ட வெட்டி உடு. ஸ்டைலு கிய்லுன்னு ஒண்ணும் வேண்டாம்."

"சரிங்க சார். வெட்டறப்பவே கையில கட்டியிருக்கற அந்தக் கலர்க் கயித்தையும் கத்திரிச்சு உட்றட்டுங்களா?"

"அது எதுக்கு உனக்கு? அது அவியவிய ஊட்டு நம்பிக்கை. நீ முடியை மட்டும் பாரு."

இது கற்பனை. இனி வருவது கற்பனை இல்லை. 2019 ஆகஸ்டில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டி வரும் பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்கும்படி பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். உடனே கண்டனக் குரல்கள் கிளம்பின. அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன், நம்ம கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அந்தச் சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வராமலே போனது என்றும், இருக்கிற நடைமுறையே தொடரும் என்றும் சொல்லிப் பிரச்சினையைச் சுமுகமாக முடித்து வைத்தார். இருக்கிற நடைமுறை தொடர்ந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். பிறகு நீதிபதி சந்துரு குழு அமைந்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, கயிறும் மோதிரமும் நெற்றிப் பொட்டும் பள்ளிக்குள் வேண்டாம், பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்றது. அதற்கும் எதிர்ப்புத்தான். 2025 அக்டோபரில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசாணை போட்டார்கள். அதே மாதம் அவிநாசி ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் நீளப் பாலத்தைத் திறந்து 'ஜி.டி.நாயுடு மேம்பாலம்' என்று பெயர் வைத்தார்கள். அந்த விஞ்ஞானியின் மீது எனக்கு மரியாதை குறைவில்லை. ஆனால் அரசாணையின் ஈரம் காயும் வரைக்குமாவது பொறுத்திருக்கலாம்.

முடிக்கே திரும்புவோம், அதுதானே தேசியப் பிரச்சினை. இன்றைக்குப் பேரனின் ஸ்பைக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் குடும்பங்களின் பழைய போட்டோ ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். தோள் வரைக்கும் வளர்த்து எண்ணெய் தடவிப் பின்னால் வாரிவிட்ட பாகவதர் கிராப்போடு ஒரு கொள்ளுத்தாத்தா நிற்பார். எம்.கே.தியாகராஜ பாகவதரின் தலையைப் பார்த்து வாலிபர்கள் பைத்தியமாய்த் திரிந்த 1940களில், அந்தத் தலையை ஊருக்குக் காட்டிய படங்களில் ஒன்றான 'சிவகவி' (1943) தயாரானது நம்ம கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான். அதற்கு முந்தின தலைமுறை, குடுமியை வெட்டிக் கிராப்பு வைத்தவனைக் குலம் கெட்டவன் என்றது. கிராப்பு வைத்தவன் பெல்பாட்டம் போட்டவனைத் திட்டினான். பெல்பாட்டம் போட்டவர் இப்போது ரேஸ்கோர்ஸில் வாக்கிங் போய்க்கொண்டே புள்ளிங்கோவைத் திட்டுகிறார். இங்கிலாந்தில் 1964 ஈஸ்டர் விடுமுறையில், கிளாக்டன் என்னும் கடற்கரை ஊரில் மோட்கள், ராக்கர்கள் என்று இரண்டு கூட்டத்துப் பையன்கள் கொஞ்சம் தள்ளுமுள்ளு பண்ணினார்கள். பத்திரிகைகள் அதை உள்நாட்டுப் போர் மாதிரி எழுதின. ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் அந்த விவகாரத்தை வைத்து 1972இல் ஒரு புத்தகமே எழுதினார். பயப்படுவதற்கு ஒரு பூச்சாண்டி ஊருக்கு வேண்டியிருக்கிறது, அதைச் செய்து கொடுக்கும் பட்டறையாக ஊடகம் இருக்கிறது என்பதுதான் அவர் கண்டது.

கோவைக்கென்று சொந்தமாக ஒரு பாட்டுப் புரட்சியும் வந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் ஏழைக் கறுப்பினப் பையன்கள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரத்தை இழுத்து உண்டாக்கிய ராப் இசை, சுற்றிச் சுற்றி நம்ம ஊருக்கு வந்தது. பிறந்த இடத்தில் அந்த இசை போலீஸையும் வீட்டு வாடகையையும் வறுமையையும் பேசியது. இங்கே வந்து இறங்கியதும் என்ன பேசியது? கிளப்புக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பண்பாட்டு வகுப்பெடுத்தது. ஹிப்ஹாப் தமிழா ஆதியின் 'கிளப்புல மப்புல' அப்படித்தான் ஊரெல்லாம் ஒலித்தது. குடிக்கிற ஆணைப் பற்றித் தமிழ் சினிமா ஆயிரம் பாட்டு போட்டு ஆடியிருக்கிறது, குடிக்கிற பெண் ஒருத்தியைக் கண்டதும் கலகக்கார இசைக்கே கற்பு வந்துவிட்டது. பெரியவர்கள் மனம் குளிர்ந்து போனார்கள். தொப்பியும் தொளதொளப் பேன்ட்டுமாக இருந்தாலென்ன, பையன் சரியான விஷயத்தைத்தானே சொல்கிறான்!

பிறகு ஜல்லிக்கட்டுப் போராட்டம். 2017 ஜனவரியில் மெரினாவைப் போலவே கோவை வ.உ.சி. மைதானமும் நிரம்பியது. ஆதியின் பாட்டு இல்லாத செல்போன் இல்லை. செய்திச் சேனல்களுக்குப் புல்லரித்தது: 'அறவழி இளைஞர்கள்', 'குப்பையைக் கூட அவர்களே பொறுக்குகிறார்கள்'. காளையைப் பற்றி மட்டும் பேசிய வரைக்கும் தங்கங்கள். கூட்டத்தில் சிலர் தண்ணீர், விவசாயி சாவு, பிரதமர், முதல்வர் என்று வாயைத் திறந்ததும் தங்கம் தகரமாகிவிட்டது. தேச விரோத சக்திகள் ஊடுருவிவிட்டதாகச் சொல்லி, பாட்டுக்காரரே 22ஆம் தேதி வீடியோ போட்டு விலகிக்கொண்டார். மறுநாள் காலை லத்தி வந்தது. ஆறு நாள் தம்பிகள், ஏழாம் நாள் சமூக விரோதிகள். முடி மட்டும் அதேதான்.

இனி, யாருமே பதறாத பையனைப் பார்ப்போம். இவன் தலையில் சாயம் கிடையாது. ஒட்ட வெட்டிய முடி, நெற்றியில் பொட்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். 'வாங்க, போங்க, சொல்லுங்க' என்று வாய் நிறையப் பேசுவான். நம்ம பேச்சே மரியாதைக்குப் பேர் போனதல்லவா. மூன்று வயசுக் குழந்தையைக்கூட 'ஏனுங் கண்ணு' என்போம். எழுபது வயது அருந்ததியர் கிழவனை மட்டும் பேர் சொல்லி 'டேய்' என்போம். இந்தப் பையனின் செல்போனை எடுத்துக் காதில் வைத்தால் ஒரு பாட்டுக் கேட்கும். அடிதடி டிரம்ஸ், சிங்கம் உறுமும் சத்தம், ஆண்டவர்கள் நாங்கள்தான் என்ற அறிவிப்பு, நடுவில் சாதிப் பெயர். அதே மெட்டில் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி மதுரைப் பக்கமும் விற்கலாம், விழுப்புரத்திலும் விற்கலாம், விற்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அளவுக்கு அரை நிமிஷமாக நறுக்கிக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆடிப் பெருக்கன்று இவன் தீரன் சின்னமலைக்கு மாலை போட ஓடாநிலைக்கோ சங்ககிரிக்கோ போவான். சைலன்சரைக் கழற்றின பைக்குகள், வேன் மேலே ஸ்பீக்கர், கொடி, விசில். டியோவில் மூன்று பேர் போனால் குற்றம், நாற்பது வண்டி ரோட்டை அடைத்துப் போனால் ஊர்வலம். வெள்ளைக்காரனோடு மோதி 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் தொங்கிய மனிதனை ஒரு சாதிச் சங்கத்துத் தலைவராக்கி, மெட்டும் போட்டாயிற்று. அவர் பக்கத்தில் நின்று உயிரைக் கொடுத்த பொல்லான் அருந்ததியர். அந்த வேன் ஸ்பீக்கரில் அவர் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

இந்தப் பையன்களின் ரசனைக்கு 2023இல் ஒரு பரீட்சை வைத்தார்கள். மாரி செல்வராஜின் 'மாமன்னன்' சேலத்துப் பக்கத்துக் கதை. நாயகனின் தகப்பனான தனித்தொகுதி எம்.எல்.ஏ.வை நாற்காலியில் உட்காரவிடாத ஆதிக்க சாதித் திமிரைத்தான் படம் காட்டியது. அந்தத் திமிரின் உருவம் பகத் ஃபாசில் நடித்த ரத்னவேல். பந்தயத்தில் தோற்ற தன் நாயைத் தானே அடித்துக் கொல்கிறவன். படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த சில நாட்களிலேயே இணையமெங்கும் ரத்னவேல். கொல்கிற ரத்னவேல், முறைக்கிற ரத்னவேல், நடக்கிற ரத்னவேல், எல்லாவற்றுக்கும் பின்னணியில் அவரவர் சாதிப் பாட்டு. ஒரு சாதி போட்டதைப் பார்த்து அடுத்த சாதி, அதைப் பார்த்து அதற்கடுத்தது. நாயைக் கொன்றவனைத் தங்கள் குலக்கொழுந்து என்று சொல்லிக்கொள்ள வரிசையில் நின்றார்கள். பகத் ஃபாசிலே ரத்னவேலின் படத்தை ஃபேஸ்புக் முகப்பில் வைத்து, சத்தம் பெரிதானதும் எடுத்துவிட்டார். இதற்கு எத்தனை விவாதம் நடந்தது, எந்தத் தலைமையாசிரியர் யாருக்குக் கடிதம் எழுதினார்? 'வைரல்', 'டிரெண்டிங்', 'வேற லெவல்'. அவ்வளவுதான்.

நிஜத்தில் ஒரு ரத்னவேலை டிவி எப்படி நடத்தியது என்பதும் நமக்குத் தெரியும். 2015 ஜூன் 23 அன்று ஓமலூர் கோகுல்ராஜ் என்ற பட்டியல் சாதிப் பொறியியல் பட்டதாரி, கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கிற சாமியின் வாசலில், இரண்டு பேர் நின்று பேசியது சாதிக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். கொலை வழக்கில் தேடப்பட்ட சாதிச் சங்கத் தலைவர் யுவராஜ் நூறு நாளுக்கு மேல் தலைமறைவு. தலைமறைவு என்றால் ஒளிந்திருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வாரத்துக்கொரு வீர உரை வந்தது. போலீஸைக் கிண்டல் பண்ணும் ஆடியோக்கள் டீக்கடை டீக்கடையாகக் கைமாறின. தலைமறைவாக இருந்தபடியே தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். போலீஸுக்குக் கிடைக்காத ஆள் மைக்குக்குக் கிடைத்தார்! இடையில் வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அக்டோபரில் யுவராஜ் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது வாசலில் வாலிபர் கூட்டம், கோஷம். 2022 மார்ச்சில் அவருக்கும் இன்னும் ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது, 2023இல் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. அந்த நூறு நாளில் அந்த ஆடியோக்களைக் கேட்டு வளர்ந்த பையன்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒருவனையாவது 'சீரழிந்த தலைமுறை' என்று எந்தச் சேனலாவது சொன்னதா? முடிதான் ஒழுங்காக வாரியிருந்ததே.

பெண்பிள்ளைகளை விட்டுவிட்டோம் என்று யாரும் குறைப்பட வேண்டாம். அவர்களுக்காகத்தான் இப்போது வள்ளி கும்மி பெருக்கெடுத்து ஓடுகிறது. கோயில் நோம்பி, கல்யாணம், கட்சி மாநாடு, எங்கே பார்த்தாலும் ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் வட்டம் கட்டி அடிக்கிறார்கள். பார்க்க அழகு, சந்தேகமில்லை. கைத்தட்டும் கால்வைப்பும் கூடி வரும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடிய இந்த வட்டத்துக்குள் பெண்களை அழைத்து வந்து கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பெரியவர் பத்ரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பெருமையெல்லாம் சரி.

ஆனால் அந்த வட்டத்தின் நடுவே என்ன நடக்கிறது? அரங்கேற்ற மேடை ஒன்றில், ஆடி முடித்த பெண்பிள்ளைகளிடம், சொந்தச் சாதிப் பையனைத்தான் கட்டிக்கொள்வோம் என்று மைக்கில் சத்தியம் வாங்கிய காணொளி ஊரெல்லாம் சுற்றியது. சின்னஞ்சிறுசுகள் திருப்பிச் சொல்கின்றன. கீழே அப்பன் ஆத்தாள்கள் கைதட்டுகிறார்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கிறார்கள்.

எந்தக் கதையைப் பாடி ஆடிவிட்டு இந்தச் சத்தியம்? வள்ளி கதையை! வள்ளி யார்? தினைப்புனம் காத்த குறவர் வீட்டுப் பெண். முருகன் எந்தச் சாதி என்று மருதமலையிலும் சென்னிமலையிலும் கேட்டுப் பாருங்கள், குருக்களே திகைப்பார். வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்றான். ஒரு பெண்ணுக்காக மூன்று வேஷம். பத்தாததற்கு அண்ணனை யானையாக வரவழைத்துப் பிள்ளையைப் பயமுறுத்திக் கட்டிப்பிடிக்க வைத்தான். ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிக்கொண்டு போனான். துரத்தி வந்த மாமன் மச்சான்கள் அத்தனை பேரோடும் மல்லுக்கட்டினான். 2012இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்றார், 'நாடகக் காதல்' என்ற சொல் ஊர் ஊராய்ப் பரவியது. தமிழ்நாட்டிலேயே உண்மையான நாடகம் போட்டுக் காதலித்தவன் ஒருத்தன்தான். அவனுக்குப் பழனியில் தங்கத்தேர் இழுக்கிறோம். அவன் கல்யாணத்தைக் கும்மியடித்துக் கொண்டாடிவிட்டு, அடுத்த மூச்சில் 'அவனை மாதிரி எவனாவது வந்தால் கட்டமாட்டோம்' என்று அவன் முன்னாலேயே கற்பூரம் அணைக்கிறோம். முருகன் இன்றைக்கு வள்ளியைத் தேடித் திருச்செங்கோட்டுப் பக்கம் வந்தால் வேலோடு வருவது நல்லது.

இதைச் செய்தவர்களுக்குக் கதை தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். கதை பாட்டில் இருக்கட்டும், சொத்து வீட்டில் இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. தோட்டம், கிணறு, கறிக்கோழிப் பண்ணை, விசைத்தறி எல்லாம் பெண்ணின் கல்யாணம் வழியாகத்தான் கைமாறும். ஆகவே வட்டத்தை விட்டு அவள் கால் வெளியே போகக்கூடாது. பண்பாடு என்று மேடையில் சொல்வதைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேறு பெயரில் சொல்வார்கள்.

சத்தியம் வாங்கியது பெண்பிள்ளைகளிடம் மட்டுமே என்பதைக் கவனித்திருப்பீர்கள். பையன்களிடம் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. பெண் குழந்தையே வேண்டாம் என்று இரண்டு தலைமுறையாகக் கழித்துக் கட்டியதன் கணக்கு இப்போது வந்து நிற்கிறது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. 2001 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். அந்த ஆயிரம் பேருக்கு இப்போது கல்யாண வயது. தோட்டமும் காரும் இருந்தும் முப்பத்தைந்து வயதில் பெண் கிடைக்காத மாப்பிள்ளைகள் தரகரைப் பிடித்து வாளையார் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போகிறார்கள். அங்கே குலம் கேட்பதில்லை, கூட்டம் கேட்பதில்லை. தரகர் எந்தச் சாதி சொல்கிறாரோ அதுவே சாதி. செக்போஸ்டில் லாரிக்குத்தான் சோதனை.

கல்யாணமும் ஜோராக நடக்கிறது. மண்டப வாசலில் பத்தடி பிளக்ஸ், சிங்கம், குதிரை, வாள். சீர் முடிந்ததும் மாப்பிள்ளையின் பங்காளிகள் டி.ஜே.வை முடுக்கிவிட்டு அதே சாதிப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். கேரளத்துப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்காமல், பக்கத்தில் நிற்கும் நாத்தனாரிடம் இது என்ன பாட்டு என்று கேட்கிறாள்.

"அதுங்களா அண்ணி, நம்ம சாதியிலயேதான் கல்யாணம் பண்ணோணும்னு பாடறாங்க. நீங்க சிரிச்சுட்டே நில்லுங்க, வீடியோ எடுக்கறாங்க."